பகல் நீளப் பெருகும் மூளை

ஜப்பானில் பாட்டுக்காகப் பறவை வளர்த்தவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. இலையுதிர் காலம் முடியும் தறுவாயில், பொழுது சாய்ந்தபின் கூண்டருகே சில மணி நேரம் விளக்கேற்றி வைப்பார்கள். வசந்தத்தில் பாடவேண்டிய பறவை புத்தாண்டுக்கே பாட ஆரம்பித்துவிடும். இதற்கு யோகாய் என்று பெயர். நெதர்லாந்தின் பறவை பிடிப்போர் வேறு தந்திரம் வைத்திருந்தார்கள். கோடையில் பறவையை இருட்டறையில் அடைத்துவிடுவார்கள். வலசை போகும் கூட்டங்கள் வானில் கடக்கும் இலையுதிர் காலத்தில் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். வசந்தம் வந்துவிட்டதாக எண்ணி அது பாடும். பாட்டுக்கு மயங்கி இறங்குபவை வலையில் சிக்கும்.

இரண்டு நாட்டாரும் கண்டுகொண்டது ஒன்றுதான்: பறவையின் பாட்டு பகலின் நீளத்துக்குக் கட்டுப்பட்டது. அந்த நீளம் பறவையின் மண்டைக்குள் போய் என்ன செய்கிறது என்ற கேள்வியில் நூறாண்டு ஆய்வு அடங்கியிருக்கிறது. சில முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டன. சிலவற்றில் ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

அறிவியலுக்குள் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ரோவன். அவர் இருந்த எட்மண்டன் நகரில் டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான். ஜூனில் ஏறக்குறைய பதினேழு. 1924-இன் இலையுதிர் காலத்தில் ஜுங்கோ என்னும் சிறு பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். பொழுது விழுந்தபின் மின்விளக்கு போட்டு, நாளுக்குச் சில நிமிடங்களாகப் பகலை நீட்டிக்கொண்டே போனார். வெளியே உறைபனி. ஆனாலும் நடுக்குளிர்காலத்தில் அந்தப் பறவைகளின் விந்தகங்கள் வசந்தகால அளவுக்குப் பருத்திருந்தன. பறவைகள் பாடவும் செய்தன. விளக்கில்லாத கூண்டில் இருந்தவற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை. வெப்பமும் இரையும்தான் இனப்பெருக்கக் காலத்தைத் தீர்மானிக்கின்றன என்ற நம்பிக்கை, 1925-இல் இந்த முடிவு ‘நேச்சர்’ இதழில் வந்ததும் ஆட்டம் கண்டது. விந்தை என்னவென்றால், ரோவன் தம் கண்டுபிடிப்புக்குச் சொன்ன காரணம் தவறு. வெளிச்சம் பறவையை விழித்திருக்கச் செய்கிறது, விழித்திருந்து அலைவதால் விந்தகம் வளர்கிறது என்று அவர் கருதினார். இருட்டிலேயே பறவைகளைத் தூங்கவிடாமல் விரட்ட, அசையும் தண்டு ஒன்றைக்கூடக் கூண்டுக்குள் பொருத்திப் பார்த்தார்.

வெளிச்சம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது? கண் வழியாக என்றுதான் எவரும் சொல்வார்கள். பிரான்சில் ஜாக் பென்வா 1930-களில் வாத்துகளின் கண்களை அகற்றியபின்னும் அவை நீண்ட பகலுக்கு எதிர்வினை காட்டுவதைக் கண்டார். அமெரிக்காவில் மைக்கேல் மெனக்கர் சிட்டுக்குருவிகளில் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். கண்ணற்ற சிட்டுக்குருவியின் உச்சந்தலை இறகுகளைப் பிடுங்கினால் வெளிச்சத்தின் பலன் கூடியது. தலைத்தோலுக்கு அடியில் கறுப்பு மையை ஏற்றினால் குறைந்தது. மெல்லிய மண்டையோட்டைத் துளைத்துக்கொண்டு ஒளி மூளைக்குள்ளேயே இறங்குகிறது. அதை அங்கே வாங்கிக்கொள்ளும் புரதங்கள் சில பிற்பாடு அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஆப்சின்-5 ஜப்பானியக் காடையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் இருப்பது 2010-இல் தெரியவந்தது.

அங்கிருந்து செய்தி நகரும் பாதையைத் துலக்கியதில் நகோயா பல்கலைக்கழகத்தின் தகாஷி யோஷிமுராவின் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. குறும்பகலில் வளர்ந்த காடையை முதல்முறையாக நீண்ட பகலுக்கு மாற்றுகிறார்கள். அந்த முதல் நாளிலேயே, விடிந்து ஏறத்தாழ 14 மணி நேரத்தில், பிட்யூட்டரியின் காம்புப் பகுதியில் தைராய்டு தூண்டு ஹார்மோனுக்கான மரபணு விழிக்கிறது. அதற்கு நான்கு மணி நேரம் கழித்து ஹைப்போதாலமஸில் ஒரு நொதி பெருகி, அரைத் தூக்கத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனைச் செயல்வடிவத்துக்கு மாற்றுகிறது. தொடர்ந்து பிட்யூட்டரி தூண்டப்பட, விந்தகம் வளர, டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் ஏறுகிறது. மூளையே வெளிச்சம் வாங்கி, மூளையே நாளை அளந்து, ஒரே நாளில் முடிவெடுக்கிறது. இந்த ஆய்வுத் துறையில் இவ்வளவு தெளிவாகத் தீர்ந்த பகுதி வேறில்லை.

பாட்டைப் பற்றிய கதை இன்னொரு பக்கம் தனியாக வளர்ந்தது. அர்ஜென்டினாவில் பிறந்து நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஃபெர்னாண்டோ நாட்டெபாம், தம் சகாக்களோடு 1976-இல் கேனரிப் பறவையின் மூளையில் பாட்டை இயக்கும் நரம்புத் திட்டுகளை வரைபடமாக்கினார். இவற்றில் தலையானது எச்விசி. அது ஆர்ஏ என்னும் திட்டுக்குக் கட்டளை அனுப்புகிறது. ஆர்ஏ, குரலுறுப்பின் தசைகளை ஆளும் நரம்பணுக்களுக்கு அனுப்புகிறது. ஏரியா எக்ஸ் உள்ளிட்ட ஒரு பக்கக் கிளை பாட்டைக் கற்பதற்கும் செம்மைப்படுத்துவதற்கும் உதவுகிறது. சிறு பறவைகளில் எச்விசி கடுகளவுதான் இருக்கும்.

அந்தக் கடுகு ஆண்டுதோறும் பெருத்துச் சிறுக்கிறது என்று 1981-இல் நாட்டெபாம் எழுதியபோது பலரால் நம்ப முடியவில்லை. வசந்தத்தில் முழுமூச்சாகப் பாடும் ஆண் கேனரிகளின் எச்விசி, இறகுதிர்த்து மௌனம் காக்கும் இலையுதிர் காலத்து ஆண்களுடையதைவிட 99 சதவீதம் பெரியதாக இருந்தது. ஆர்ஏ 76 சதவீதம் பெரியது. முதிர்ந்த விலங்கின் மூளை கட்டி முடித்த கட்டடம் என்பதே அன்றைய பாடநூல் கருத்து. அடுத்து 1983-இல் ஸ்டீவன் கோல்ட்மனும் நாட்டெபாமும் முதிர்ந்த கேனரியின் எச்விசியில் புதிய நரம்பணுக்கள் சேர்வதைக் காட்டினார்கள். 1984-இல், அந்தப் புதியவை ஒலிக்கு மின்துடிப்பால் பதில் சொல்வதும், ஆகவே வேலை செய்யும் சுற்றில் சேர்ந்துவிட்டதும் உறுதியானது. ஜோசப் ஆல்ட்மன் 1960-களிலேயே எலிகளில் இப்படி ஒன்றைக் கண்டு சொல்லியிருந்தார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதிர்ந்த மூளையிலும் நரம்பணு பிறக்கும் என்பதை உலகம் ஏற்றதில் கேனரியின் பங்கு பெரிது.

நாட்டெபாம் இதற்குச் சொன்ன விளக்கம் அழகானது. கேனரி ஆண்டுதோறும் பாட்டில் புதிய அசைகளைச் சேர்க்கும், பழையவற்றைக் கைவிடும். ஆகவே மூளை பழையதை மறக்கச் சுருங்கி, புதியதைக் கற்க விரிகிறது என்றார். அழகான விளக்கங்களுக்கு நேரும் கதி இதற்கும் நேர்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எலியட் பிரெனோவிட்ஸும் உடனிருந்தோரும், சிறுவயதில் கற்ற பாட்டை வாழ்நாள் முழுவதும் மாற்றாமல் பாடும் இனங்களை எடுத்துக்கொண்டார்கள். வெண்முடிச் சிட்டு அப்படிப்பட்டது. அதன் எச்விசியும் வசந்தத்தில் பெருத்து இலையுதிரில் சுருங்கியது. நரம்பணுக்களின் எண்ணிக்கையும் ஏறி இறங்கியது. புதிதாகக் கற்க எதுவுமில்லாத பறவை எதற்காக மூளையைப் பெருக்க வேண்டும்? பாட்டைக் கேட்டால் பதில் கிடைக்கிறது. பருவமில்லாத காலத்தில் இந்தச் சிட்டுகள் பாடினால் பாட்டு தளர்ந்து, ஒருமுறை போல மறுமுறை இராது. இனப்பெருக்கக் காலத்தில் அச்சில் வார்த்தாற்போல் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். பெருத்த மையம் பாட்டை உறுதியாகவும் ஓயாமலும் நிகழ்த்துவதற்கே என்ற கருத்துக்கு இன்று வலு அதிகம். கேனரியின் ஆண்டுக் கற்றல் இந்தப் பொது ஏற்பாட்டின்மேல் பின்னால் ஏறிக்கொண்ட ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் இரண்டு கதைகளும் சந்திக்கின்றன. பகல் நீண்டால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். அது ஏறினால் பாடல் மையங்கள் பெருக்கும். அப்படியானால் மூளையைப் பெருக்குவது பகலின் நீளமா, ஹார்மோனா? சோதிக்க ஒரு நேரடி வழி உண்டு. விந்தகத்தை நீக்கிவிட்டு நீண்ட பகலைக் கொடுத்துப் பார்ப்பது. டேனியல் பெர்னார்டும் கிரிகரி பாலும் உடனிருந்தோரும் 1997-இல் அமெரிக்க மரச்சிட்டுகளில் இதைச் செய்தார்கள். விந்தகம் இல்லாத பறவைகளிலும் நீண்ட பகல் பாடல் மையங்களை ஓரளவு பெருக்கியது. ஹார்மோனைச் சாராத ஒரு பாதையும் இருக்கிறது என்று ஆயிற்று. அதே காலத்தில் வெண்முடிச் சிட்டுகளில் பகலின் நீளத்தையும் டெஸ்டோஸ்டிரோனையும் தனித்தனியே மாற்றிப் பார்த்த ஆய்வில், ஹார்மோனே பெரும்பங்கு வகித்தது. பகலின் தனிப்பங்கு சொற்பம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இனத்துக்கு இனம் விகிதம் மாறுகிறது, அவ்வளவுதான்.

நேரடிப் பாதைக்கு ஒரு வேட்பாளர் மெலட்டோனின். இரவில் மட்டும் சுரக்கும் ஹார்மோன் இது. இரவு நீண்டால் இதன் ஆட்சியும் நீளும். பாடல் மையங்களிலேயே இதை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. ஜார்ஜ் பென்ட்லியும் பாலும் 1999-இல் ஐரோப்பியச் சோளக்குருவிகளுக்கு நீண்ட பகலோடு மெலட்டோனினையும் கொடுத்தபோது எச்விசியின் வளர்ச்சி மட்டுப்பட்டது, ஏரியா எக்ஸ் சிறுத்தது. பாலூட்டிகளில் பருவத்தை உணர்த்தும் தூதுவன் மெலட்டோனின். பறவைகளின் இனப்பெருக்கமோ அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. விந்தகம் கவனிக்காத செய்தியைப் பாடல் மையம் கவனிக்கிறது என்பதுதான் இந்த முடிவின் சுவை.

ஆனாலும் பகலின் நீளத்தை ஒரு விசை போல எண்ணுவது தவறு என்பதற்கு வலுவான சான்று வேறொரு நிகழ்விலிருந்து வருகிறது. சோளக்குருவியும் வெண்முடிச் சிட்டும் நீண்ட பகலில் சில வாரங்கள் இருந்தபின் அதற்கு மசிவதை நிறுத்திவிடுகின்றன. கோடைப் பகல் இன்னும் நீளமாகவே இருக்கும், விந்தகமோ சுருங்கிவிடும். பிறகு குறும்பகல் நாட்களைக் கடந்தால்தான் பறவை மறுபடி வெளிச்சத்துக்கு வசப்படும். இப்படி மசியாத நிலைக்குப் போன சோளக்குருவியின் எச்விசி, அதே நீண்ட பகலில் இன்னும் தூண்டலில் இருக்கும் பறவையுடையதைவிடச் சிறியது. வெளிச்சம் ஒன்றே, மூளை இரண்டு. எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்பதைவிட, முந்தைய மாதங்களில் எத்தனை மணி நேரம் இருந்தது என்ற வரலாற்றையே பறவை படிக்கிறது. நெதர்லாந்துக்காரர்களின் இருட்டறை வேலை செய்ததும் இதனால்தான்.

வழக்காடல் என்று சொன்னேனே, அதில் காரமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்ஃப்ரெட் கார் 1990-இல் ஓர் அடிப்படைக் கேள்வி எழுப்பினார்: எச்விசியின் எல்லையை எதைக் கொண்டு வரைகிறீர்கள்? சாயமேற்றிய மூளைச் சீவலில் அடர்த்தியாகத் தெரியும் திட்டின் ஓரத்தை வைத்து வரைந்தால் அது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. நரம்பிணைப்புகளைத் தடம்பிடித்தோ, ஹார்மோன் வாங்கிகளை அடையாளப்படுத்தியோ வரைந்தால் மாறவில்லை என்றார். சாயம் நம்மை ஏமாற்றுகிறது என்பது அவர் வாதம். இதற்கு விடையாகப் பல குழுக்கள் ஒரே பறவையில் இரண்டு மூன்று முறைகளால் அளந்து காட்டின. சோளக்குருவியிலும் சிட்டுகளிலும் எல்லா முறையும் ஒரே திசையில் பேசின. வழக்கு முடிந்தது என்று பலர் எண்ணியிருந்தபோது 2001-இல் ஸ்டெஃபான் லைட்னரும் காரும் மதேய்ரா தீவுகளின் காட்டுக் கேனரிகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் பாட்டு பருவத்துக்கேற்ப மாறியது, எச்விசியின் அளவோ மாறவில்லை. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த கேனரியின் காட்டு வடிவத்திலேயே இப்படி! சிட்டுகளில் பருவ வளர்ச்சி இருப்பதை இனி எவரும் மறுக்க முடியாது என்றே நான் கொள்கிறேன். ஆனால் பாட்டு மாறுவதற்கு மையம் பெருத்தே ஆகவேண்டும் என்று பொதுவிதி எழுத மதேய்ரா கேனரிகள் இடம் தரவில்லை.

வளர்ச்சி நடக்கும் விதத்தில்தான் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் வளமான முடிவுகள் கிடைத்தன. வெண்முடிச் சிட்டுக்கு ஆய்வகத்தில் நீண்ட பகலும் டெஸ்டோஸ்டிரோனும் கொடுத்தால் ஒரே வாரத்தில் எச்விசி முழு அளவை எட்டுகிறது. ஆர்ஏவும் ஏரியா எக்ஸும் பிந்தித்தான் வளர்கின்றன. எச்விசியை ஒரு பக்கம் மட்டும் சிதைத்துவிட்டால் அந்தப் பக்கத்து ஆர்ஏ வளர்வதில்லை, இரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும் சரி. ஆக, ஹார்மோன் எச்விசியைத் தொடுகிறது. எச்விசி தன் நரம்பிழைகள் வழியாக மற்றவற்றை வளர்க்கிறது.

சுருங்கும் வேகம் இன்னும் திகைப்பூட்டும். கிறிஸ்டோபர் தாம்சன், பென்ட்லி, பிரெனோவிட்ஸ் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திக் குறும்பகலுக்கு மாற்றிய 12 மணி நேரத்தில் எச்விசி 22 சதவீதம் சுருங்கியிருந்தது. நான்காம் நாளில் அதன் நரம்பணுக்களில் 26 சதவீதம் குறைந்திருந்தன. இது திட்டமிட்ட செல்மரணம். அதைத் தடுக்கும் மருந்தை மூளைக்குள் செலுத்தினால் அணுக்கள் பிழைக்கின்றன. பிரெனோவிட்ஸின் ஆய்வகம் 2014-இல் இதோடு இன்னொன்றைச் சேர்த்தது: சாகும் அணுக்களே அருகிலுள்ள மூலச்செல்களைத் தூண்டிப் புதியவற்றைப் பிறப்பிக்கின்றன, மரணத்தைத் தடுத்தால் பிறப்பும் குறைகிறது. மனித மூளையில் நரம்பணுக்கள் அழியும் நோய்களை ஆராய்வோர் இந்தச் சிட்டின் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

ஏன் சுருக்க வேண்டும், அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? மூளைத் திசு ஆற்றலை விழுங்குவது, பாடாத காலத்தில் அதைப் பராமரிப்பது வீண் என்பதே வழக்கமான பதில். டெஸ்டோஸ்டிரோன் பெற்ற மையங்களில் ஆற்றல் செலவிடும் திறன் கூடுவதும், ஆர்ஏ அணுக்கள் இனப்பெருக்கக் காலத்தில் சும்மா இருக்கும்போதே அடிக்கடி துடிப்பதும் அளக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும் கடுகளவுத் திசுவில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு என்ற ஐயம் எனக்கு உண்டு. இரவு பதினைந்து மணி நேரம் நீளும் குளிர்காலத்தில் சிட்டுக்கு ஒவ்வொரு துளிக் கொழுப்பும் கணக்குத்தான் என்று வாதிடுவோருக்கும் நியாயம் இருக்கிறது.

பாடுவதே மையத்தை வளர்க்கிறதா என்பது மற்றொரு கிளை வழக்கு. கேனரிகளில் நாட்டெபாமின் ஆய்வகம் 2002-இல் கண்டது: விந்தகமும் பாடுதலும் தனித்தனியாகவும் ஒன்றின்மேல் ஒன்றாகவும் புதிய நரம்பணுக்களைத் தக்கவைக்கின்றன. நிறையப் பாடும் பறவையில் நிறையத் தங்குகின்றன. பிரெனோவிட்ஸின் ஆய்வகம் 2007-இல் வெண்முடிச் சிட்டுகளைச் செவிடாக்கிப் பார்த்தது. அவை எவ்வளவு பாடின என்பதற்கும் மையங்கள் வளர்ந்த அளவுக்கும் தொடர்பு இல்லை. துணையின் பங்கும் உண்டு: கருவுறத் தயாரான பெண்களோடு இருந்த ஆண் சிட்டுகளின் பாடல் மையங்கள், தனித்திருந்தவற்றுடையதைவிடப் பெரிதாயின. வெளிச்சம் இரு கூட்டத்துக்கும் ஒன்றே.

நகரத்து இரவு வெளிச்சமும் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. மியூனிக் நகரத்துக் கரும்பாடிகளை இரவில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்த டேவிடே டோமினோனியின் குழு, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே முதிர்வதை 2013-இல் தெரிவித்தது. தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கும் வெளிச்சத்தில் இது மிகச் சிறு பங்கு.

இதுவரை சொன்னவை எல்லாம் பகலின் நீளம் பருவத்துக்குப் பருவம் பல மணி நேரம் ஊசலாடும் நாடுகளின் கதை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரியில் ஏறக்குறைய ஒரு மணி. (பங்குனி சித்திரையில் கூவும் குயிலை இங்கே இழுக்க முடியாது. அது கூவுவது கற்ற பாட்டல்ல. எச்விசியும் ஆர்ஏவும் அதற்கு இல்லை. குண்டுக்கரிச்சான், தூக்கணாங்குருவி போன்றவற்றுக்குத்தான் உண்டு.) இவ்வளவு சிறு வேறுபாட்டைப் பறவையால் உணர முடியுமா? பனாமாக் காட்டின் புள்ளி எறும்புப்பறவை உணர்கிறது. மிக்கேலா ஹாவின் குழு 1998-இல் அதற்குப் பகலைப் பன்னிரண்டு மணியிலிருந்து 17 நிமிடம் மட்டும் நீட்டியது. விந்தகம் வளர்ந்தது, பாட்டும் கூடியது.

அந்த 17 நிமிடமும் இல்லாத நிலநடுக்கோட்டில் என்ன நடக்கிறது? ஈக்வடாரின் ஆண்டிஸ் மலையில் பாப்பல்லாக்டா, பின்டாக் என்று இரண்டு இடங்கள். இடையே சுமார் 25 கிலோமீட்டர். இரண்டிலும் செங்கழுத்துச் சிட்டு வாழ்கிறது. மழை பெய்யும் மாதங்கள் வேறாவதால் ஓரிடத்தில் அவை கூடுகட்டும்போது மற்ற இடத்தில் ஓய்ந்திருக்கும். இக்னாசியோ மூர், ஜான் விங்ஃபீல்ட், பிரெனோவிட்ஸ் 2004-இல் எழுதியதன்படி, இனப்பெருக்கத்தில் இருக்கும் பறவைகளின் பாடல் மையங்கள் பெரியவை, ஓய்விலிருப்பவற்றுடையவை சிறியவை. இருபுறமும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரமே. பாடல் மையங்களைப் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வில் என்னை அதிகம் அசைத்தது இந்த முடிவுதான். பெருக்கும் எந்திரம் நிலநடுக்கோட்டிலும் அப்படியே இருக்கிறது; அதை முடுக்கும் நாட்காட்டி மட்டும் வேறு. வடக்கே வெளிச்சத்துக்குக் கிடைத்த முதலிடம், அங்கே அதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை என்பதால் கிடைத்தது.

இந்தியாவில் இந்தத் திசையில் பழைய ஆய்வு ஒன்று உண்டு. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஜே. பி. தப்லியாலும் ஆர். என். சக்சேனாவும் 1964-இல் தூக்கணாங்குருவியைப் பற்றி எழுதினார்கள். நீண்ட பகலுக்கு மசியாமல் போகும் அந்தப் பருவம், சோளக்குருவிக்கும் வெண்முடிச் சிட்டுக்கும் தவறாமல் வருவது, தூக்கணாங்குருவியில் அவர்களுக்குத் தென்படவில்லை. பகல் நீளமாக இருக்கும் வரை அதன் விந்தகம் ஓய்வதில்லை. மழைக்குப் பின் தழைக்கும் நீண்ட பசும்புல்லைக் கிழித்துக் கூடு பின்ன வேண்டிய பறவை அது. ஆடி பிறந்தும் மழை வராத ஆண்டுகளில் அது ஆவணிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும்.